நோட்டில் ஏறாத உண்டிவில்

அந்தக் குதிரைப் பண்ணையில் அவளுக்கு நோட்டம்மா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள்.

பதினாறு வருடங்களாகப் பண்ணையின் பதிவு நோட்டு அவள் கையில்தான் இருந்தது. எந்தப் பெண்குதிரை என்றைக்குப் பருவத்துக்கு வந்தது, எந்தப் பொலிகுதிரையோடு சேர்த்தார்கள், எத்தனையாவது நாள் ஸ்கேன் எடுத்தார்கள், சினை நின்றதா, குட்டி பிறந்து எத்தனை நிமிடத்தில் எழுந்து நின்றது, எத்தனை நிமிடத்தில் பால் குடித்தது என்று எல்லாமே அதில் இருக்கும். எழுத்து அச்சடித்தது போல இருக்கும். அடித்தல் திருத்தல் இருக்காது. ஒரு சொல் தப்பினால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடியும் எழுதுவாள். நாளின் முதல் வரியை எழுதுமுன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வாள். என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று ஒரு தடவை கேட்டதற்கு, "என் கை தப்பா எழுதிடக் கூடாதுன்னுதான்" என்றாள். நல்ல வேண்டுதல்தான். ஆனால் எழுதாமல் விட்டுவிடுவதும் ஒரு தப்பு என்று அப்போது அவளுக்குத் தோன்றியதில்லை.

குதிரைகளைப் பார்த்துக்கொள்வது அவளுடைய கொழுந்தன். அவள் கணவர் குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியில்தான் இருப்பார். அதனால் காலை ஏழு மணிக்கு அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்துதான் லாயத்தில் வேலையைத் தொடங்குவார்கள்.

முதல் வேலை, பருவம் பார்ப்பது. அதற்கென்றே ஒரு சின்ன ஆண்குதிரை உண்டு. தோழன் என்று கூப்பிடுவார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற தோழன் மாதிரி அவன். மாலை மட்டும் அவன் கழுத்தில் விழாது. கொழுந்தன் அவனைப் பிடித்துக்கொண்டு, மெத்தை கட்டிய தடுப்புக்கு இந்தப் பக்கமாக நடத்திக்கொண்டு போவான். அந்தப் பக்கம் நிற்கிற பெண்குதிரை வாலைத் தூக்கி மெதுவாக நின்றால் பருவம் வந்துவிட்டது. காதைப் பின்னால் மடித்துக் கனைத்தால் இன்னும் வரவில்லை. நோட்டம்மா பின்னாலேயே எழுதிக்கொண்டு போவாள்.

"பாவம் அண்ணி இவன். ஊர்ல உள்ள எல்லாருக்கும் டிக்கெட் எடுத்துக் குடுக்கறான், இவன் மட்டும் பஸ்ல ஏறினதே இல்ல."

"உனக்கும் முப்பத்தெட்டு ஆச்சு. நீ முதல்ல ஏறு. அப்புறம் அவனுக்காக அழலாம்."

"நீங்க ஒரு பொண்ணைப் பார்த்துக் குடுங்க, ஏறறேன்."

"நான் நோட்டு எழுதறவ. உன்னைப் பத்தி உண்மையைத்தான் எழுத முடியும். எழுதினா எந்த வீட்டுல பொண்ணு குடுப்பாங்க?"

தோழன் தும்மினான். இருவரும் சிரித்தார்கள். காலை வேலை அப்படித்தான் நடக்கும்.

அந்தப் பண்ணையில் அவளை எல்லோரும் எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு ஒரு வாசகமே உண்டு. கொழுந்தன்தான் அதை உண்டாக்கினான். "எங்க அண்ணி நோட்டுல இல்லைன்னா, அது உலகத்துலயே இல்ல." முதலாளிக்கும் அது பிடித்துப்போய், வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நோட்டம்மா தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்யும்.

ஒவ்வொரு வருடமும் பருவ காலம் தொடங்குமுன் ஒரு புது நோட்டு போடுவாள். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம். பழைய நோட்டிலிருந்து முக்கியமானவற்றையெல்லாம் பக்கத்தின் தலையில் சுருக்கி எழுதிவிடுவாள். எழுதாமல் விடுவது ஒன்றே ஒன்றைத்தான், அது பழைய டாக்டரின் கிறுக்கல்.

பழைய டாக்டர் நல்ல மனிதர், நல்ல கைராசிக்காரர். ஆனால் கையில் பேனா இருந்தால் சும்மா இருக்க மாட்டார். குதிரையைப் பார்த்து முடித்துக் கை கழுவிவிட்டு, டீ குடித்துக்கொண்டே நோட்டின் ஓரத்தில் எதையாவது வரைவார். ஒரு பக்கத்தில் மீசை வைத்த பூனை. இன்னொரு பக்கத்தில் கதிர்கள் நீட்டிய சூரியன். பெரியக்காவின் பக்கத்தில் ஓர் உண்டிவில். கவைக்கொம்பின் வலது பக்கம் ஒரு கல், அதன் பக்கத்தில் 14 என்று ஓர் எண். அவர் பதினாலு வயதில் உண்டிவில்லால் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு, இரண்டு நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த கதையைப் பண்ணையில் கேட்காதவர்கள் கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்ததும் நோட்டம்மா சிரித்துக்கொண்டாள். பிறகு அதை விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் புது நோட்டில் அழகாக எழுதினாள்.

பெரியக்கா என்பது குதிரைதான். பதினெட்டு வயது. மேய்ச்சலுக்கு முன்னால் நடப்பாள், மற்றவை பின்னால் வரும். தண்ணீர்த் தொட்டியில் அவள் குடித்து முடிக்கும்வரை ஒரு குட்டிகூட வாய் வைக்காது. ஏழு குட்டி ஈன்றவள். ஆனால் கடைசி இரண்டு வருடமும் வயிறு வெறுமையாகவே போய்விட்டது. அந்த வருடத் தொடக்கத்திலேயே முதலாளி சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு தடவை பார்ப்போம். இதுலயும் நிக்கலைன்னா பெரியக்காவைக் குடுத்துடலாம். ரெண்டு இளங்குதிரை வருது, அதுக்கு இடம் வேணும்."

அவர் கெட்டவர் இல்லை. லாயத்தில் இருப்பது பன்னிரண்டு அறைதான். ஆனால் அவர் சொன்ன அன்று கொழுந்தன் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியக்காவை அவளுடைய ஆறாவது வயதிலிருந்து பார்த்துக்கொள்கிறவன் அவன். இந்த வயதில் கை மாறுகிற குதிரை எங்கே போகும், என்ன வேலை செய்யும் என்று அவனுக்குத் தெரியும். இரவு சாப்பாட்டில் நோட்டம்மா அவன் தட்டில் கொஞ்சம் கூடுதலாக வைத்தாள், அவ்வளவுதான்.

பெரியக்கா பருவத்துக்கு வந்தாள். பழைய டாக்டர் தானே பார்த்து நாள் குறித்துக்கொடுத்தார். பொலிகுதிரையோடு சேர்த்தார்கள். நாலாம் நாள் டாக்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, மகள் வீட்டோடு இருக்கக் கிளம்பிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார். முப்பது வயது இருக்கும். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். வந்த முதல் வாரமே, ஒரு நாள் மதியத்துக்கு மேல், ஒரு குதிரை அவருக்குப் பக்கத்தில் இருந்த வாளியை உதைத்து நசுக்கிவிட்டது. டாக்டர் நசுங்கிய வாளியைத் தூக்கிப் பார்த்து, "இது நானா இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அதிலிருந்து கொழுந்தனுக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

பெரியக்காவுக்குப் பதினான்காம் நாள். ஸ்கேன் எடுக்க வேண்டிய நாள்.

காலை ஒன்பது மணி. கழுவிவிட்ட சிமெண்டுத் தரை இன்னும் ஈரமாக இருந்தது. பெரியக்காவை இரும்புக் குழாய்க் கூண்டில் நிறுத்தி, வாலைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தான் கொழுந்தன். முதலாளியும் வந்து குழாயடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் தோள்வரை நீளும் கையுறையைப் போட்டுக்கொண்டு ஸ்கேன் திரையைத் திருப்பி வைத்தார். நோட்டம்மா பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள்.

திரையில் சாம்பல் நிறம் அசைந்தது. பிறகு கறுப்பாக ஒரு சின்ன வட்டம் வந்தது.

"இருக்கு," என்றார் டாக்டர்.

கொழுந்தன் பெரியக்காவின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

டாக்டர் கையை மெதுவாக நகர்த்தினார். இன்னொரு கறுப்பு வட்டம். டாக்டரின் முகம் மாறியது.

"ரெண்டு இருக்கு. இடது பக்கம் ஒண்ணு, பதினஞ்சு மில்லிமீட்டர். வலது பக்கம் ஒண்ணு, பதினெட்டு."

"ரெட்டையா?" என்று முதலாளி மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

குதிரை வளர்ப்பவர்களுக்கு இரட்டை என்ற சொல் பிடிக்காது. குதிரையின் வயிற்றில் இரண்டு குட்டிக்கு இடம் போதாது. இரண்டையும் விட்டுவைத்தால் பெரும்பாலும் இரண்டுமே போய்விடும், சில வேளை தாயும் சேர்ந்து போய்விடும். அதனால் இந்த நாட்களிலேயே ஒன்றை விரலால் அமுக்கிக் கலைத்துவிட்டு மற்றதை வளரவிடுவார்கள். இன்னும் இரண்டு மூன்று நாள் போனால் இரண்டும் ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒன்றைத் தொட்டால் மற்றதும் கெடும்.

"இதுக்கு முன்னாடி இவளுக்கு நீர்க்கட்டி ஏதாவது இருந்துதா? வயசான குதிரைக்கு வரும். திரையில அதுவும் இதே மாதிரிதான் தெரியும்," என்றார் டாக்டர்.

நோட்டம்மா பெரியக்காவின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இல்லைங்க டாக்டர். அப்படி எதுவும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

கொழுந்தன் குறுக்கே புகுந்தான். "டாக்டர், எங்க அண்ணி நோட்டுல இல்லைன்னா..."

"அது உலகத்துலயே இல்ல," என்று முதலாளி முடித்தார்.

டாக்டர் சிரித்தார். "அப்ப சரி. சின்னதை அமுக்கிட்டுப் பெரிசை விட்டுடலாம். இன்னைக்கே செஞ்சுடறதுதான் நல்லது."

அப்போது கொழுந்தன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "டாக்டர், ரொம்ப நேரமா நிக்கறா. தண்ணி காட்டி, ஒரு சுத்து நடத்திக் கூட்டிட்டு வரட்டுமா? அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிப்பா."

வேறு ஒருவராக இருந்தால், இரண்டு நிமிட வேலைக்கு இது என்ன என்று கேட்டிருப்பார். டாக்டர் பெரியக்காவின் கண்ணைப் பார்த்தார். "கூட்டிட்டுப் போங்க. நான் அதுக்குள்ள அடுத்த ரெண்டு பேரைப் பாத்துடறேன்."

கடவுள் பல வேளைகளில் நம்மிடம் வருவது இந்த மாதிரிச் சின்ன அவகாசமாகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வாய் தண்ணீருக்கும் ஒரு சுற்று நடைக்கும் ஆகிற நேரம். அந்த நேரத்தைக் கேட்டவனுக்கும் கொடுத்தவருக்கும் தாங்கள் எதைக் காப்பாற்றுகிறோம் என்று தெரியாது.

அடுத்த இரண்டு குதிரைகளையும் பார்த்து முடித்ததும் டாக்டர் குழாயடியில் கை கழுவினார். நோட்டம்மா அப்போதும் பேனாவோடு நின்றுகொண்டிருந்தாள். இடது, வலது, பதினைந்து, பதினெட்டு என்று எழுதியிருந்தாள். ஆனால் அது என்ன இடது, என்ன வலது என்று அவளுக்குத் தெரியாது. பதினாறு வருடமாக அப்படித்தான் எழுதிவந்தாள். பழைய டாக்டர் சொல்வார், இவள் எழுதுவாள். கேட்க அவளுக்குக் கூச்சம், சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

புது டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்னக்கா, ஏதோ கேக்கணும்னு நினைக்கிறீங்க."

"ஒண்ணுமில்லைங்க டாக்டர். இடது வலதுன்னு சொல்றீங்களே, அது குதிரையோட வயித்துல எந்த இடம்னு..."

"இவ்வளவு நாளா யாரும் சொல்லலையா? இருங்க." டாக்டர் கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்தார். நோட்டம்மாவின் பேனாவையே வாங்கி, அட்டையின் பின்பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். அதன் மேல்நுனியிலிருந்து இரண்டு பக்கமும் விரிகிற மாதிரி இரண்டு கோடு. "இதுதான் குதிரையோட கருப்பை. கீழே தண்டு, மேலே ரெண்டு கொம்பு. கரு இந்த ரெண்டுல எங்க வேணும்னாலும் இருக்கலாம். இப்ப இவளுக்கு இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு." இரண்டு கொம்பிலும் ஒவ்வொரு புள்ளி வைத்தார்.

நோட்டம்மா அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கவைக்கொம்பு. வலது பக்கத்தில் ஒரு கல்.

"டாக்டர்," என்றாள். "அவளைத் தொட்டுடாதீங்க. நான் ஓடிப் போயிட்டு வந்துடறேன்."

அலுவலக அறையில் பழைய நோட்டுகள் மேல்தட்டில் இருந்தன. ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, எப்போதும் ஆடும். சென்ற வருட நோட்டை எடுத்து, ஸ்டூலின் மேலேயே நின்றபடி புரட்டினாள். பெரியக்காவின் பக்கம். ஓரத்தில் அந்த உண்டிவில். பக்கத்தில் 14.

பதினாலு வயது இல்லை. பதினாலு மில்லிமீட்டர்.

மெதுவாக இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கொழுந்தன் பெரியக்காவை நடத்திக்கொண்டிருந்தான். அவள் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே நடந்தான். இன்னும் ஒரு வளைவு திரும்பினால் கூண்டுக்கு வந்துவிடுவார்கள்.

அந்த அரை நிமிடத்தில் நோட்டம்மாவின் மனசில் ஒரு வாக்கியம் தானாக வந்து நின்றது. பழைய டாக்டர் சரியா எழுதலைங்கய்யா, ஏதோ படமா போட்டுட்டுப் போயிட்டாரு. அதில் பொய் என்று ஒன்றும் இல்லை. அவர் இங்கே இல்லை, வந்து மறுக்கப் போவதும் இல்லை. முதலாளி தலையை ஆட்டிக்கொள்வார். குதிரையும் பிழைக்கும், அவள் பெயரும் பிழைக்கும். வாக்கியம் அச்சடித்தது போலச் சுத்தமாக இருந்தது.

அதன் சுத்தம்தான் அவளைப் பயமுறுத்தியது. கண்ணை மூடிக்கொண்டாள். தினமும் எழுதுமுன் மூடுகிற அதே ஒரு நொடி. பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கூண்டுக்கு அவள் வரும்போது டாக்டர் கையுறையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். போடவில்லை. தொடாதே என்றால் தொடாமல் இருந்தார், அதுவும் ஒரு நல்ல குணம்தான். முதலாளி, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

நோட்டம்மா பழைய நோட்டை விரித்துக் காட்டினாள்.

"டாக்டர், இவளுக்கு வலது பக்கம் ஒரு கட்டி இருக்கு. போன வருஷமே பதினாலு இருந்துருக்கு. பழைய டாக்டர் வரைஞ்சு வச்சிருந்தாரு. நான்தான் அதை உண்டிவில்லுன்னு நினைச்சுப் புது நோட்டுல ஏத்தாம விட்டுட்டேன். அவர் மேல தப்பு இல்ல. என் மேலதான்."

பெரியக்கா தலையைக் குலுக்கினாள். கடிவாள வளையம் சத்தம் போட்டது.

டாக்டர் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "பதினாலு இருந்தது ஒரு வருஷத்துல பதினெட்டு ஆகியிருக்கும்," என்றார் மெதுவாக. "அப்ப சின்னதுதான் கரு. நான் சின்னதைத்தான் அமுக்க இருந்தேன்."

கொழுந்தன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

முதலாளி எழுந்தார். குரல் உயரவில்லை. "பதினாறு வருஷம், பதினாறு நோட்டு. இன்னும் எத்தனை விட்டிருப்பே?"

"தெரியலைங்கய்யா," என்றாள் நோட்டம்மா. "இன்னைக்கே உக்காந்து எல்லாத்தையும் பாக்கறேன்."

அவர் தடியை ஊன்றிக்கொண்டு அலுவலகப் பக்கம் நடந்துவிட்டார். திட்டியிருந்தால்கூட நோட்டம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டர்தான் முதலில் பேசினார். "அக்கா, நோட்டுல இல்லைன்னாலும், ஒரு மணி நேரம் விட்டு மறுபடியும் பாத்திருக்கணும். அதுதான் முறை. நானும் அவசரப்பட்டுட்டேன். இந்த நாள்ல கரு ஒரு இடத்துல நிக்காது, நடந்துக்கிட்டே இருக்கும். கட்டி நகராது. எல்லாரும் ஒரு டீ குடிப்போம். அதுக்குள்ள யாரு நடக்கறாங்க, யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சுடும்."

நானும் அவசரப்பட்டேன் என்று ஒருவர் சொல்வது எவ்வளவு சின்ன விஷயம். தப்பு செய்தவரை அது தனியாக விடுவதில்லை, கூட வந்து உட்கார்ந்துகொள்கிறது.

டீ வந்தது. நோட்டம்மாவின் டீ ஆறி ஆடை படிந்தது. கொழுந்தன் அவள் பக்கத்தில் தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான்.

"உண்டிவில்லாம் அண்ணி! எனக்குக்கூடத் தோணியிருக்காது."

"என்னைத் திட்டுறதா இருந்தா திட்டிடு. பேச்சை வளக்காதே."

"நான் ஏன் திட்டணும்? நான் தண்ணி காட்டணும்னு கேக்காம இருந்திருந்தா, நீங்க ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"அதைச் சொல்லிக் காட்ட வேற செய்றியா?"

"எண்பது வயசு வரைக்கும் சொல்லுவேன். எனக்கு வேற பெருமை ஏது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கூண்டு. மறுபடியும் திரை. டாக்டர் முதலில் வலது பக்கம் போனார். கறுப்பு வட்டம் அங்கேயே இருந்தது. பிறகு இடது பக்கம். அங்கே எதுவும் இல்லை.

கொழுந்தன் திரையைப் பார்க்க எட்டிக் குனிந்தான்.

டாக்டர் கையை மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். சாம்பல் நிறம் அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது. பிறகு, இரண்டு கொம்பும் சேருகிற இடத்தில், அந்தச் சின்ன வட்டம் வந்து நின்றது.

"பாருங்க," என்றார் டாக்டர். "நடந்து வந்திருக்கு. இதுதான் உங்க குட்டி. ஒண்ணே ஒண்ணுதான். நான் எதையும் தொடப் போறதில்லை."

நோட்டம்மா எழுதினாள். அவசரத்தில் ஒரு சொல் அடித்தலாகிவிட்டது. பக்கத்தைக் கிழிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

அன்று பிற்பகல் அவள் பழைய டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். முன்னால் பழைய நோட்டுகள் அடுக்கி இருந்தன. நடந்ததைச் சொன்னாள்.

"அம்மா, தப்பு உன்னுது மட்டும் இல்ல," என்றார் அவர். "என் எழுத்தை நானே படிக்க முடியாது. அதனாலதான் படமா போட்டேன். உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"சரிங்க டாக்டர். இப்ப சொல்லுங்க. சூரியன் போட்டிருக்கீங்களே, அது என்ன?"

"அந்தக் குதிரையைக் காலையில மட்டும்தான் பாக்கணும். மதியத்துக்கு மேல பக்கத்துல போனா உதைக்கும்."

நோட்டம்மாவுக்கு நசுங்கிய வாளி ஞாபகம் வந்தது. "ஐயோ கடவுளே," என்றாள். "அப்ப மீசை வச்ச பூனை?"

"பூனையா?"

"ஆறு பக்கத்துல இருக்குங்க."

"அது பூனைதாம்மா," என்றார் அவர். "எனக்குப் பூனைன்னா பிடிக்கும்."

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்கு வந்தபோது மேல்தட்டு காலியாக இருந்தது. பதினாறு நோட்டும், உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டுகிற கீழ்த்தட்டில் வரிசையாக இருந்தன. அங்கே இருந்த முதலாளியின் கோப்புகள் மேலே போயிருந்தன. முதலாளி ஜன்னலோரம் கையில் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"அந்த ஸ்டூல் ஆடுது. நேத்து ஜன்னல் வழியாப் பாத்தேன், மேலேயே நின்னுக்கிட்டுப் படிக்கறே," என்றார். "விழுந்து வைக்காதே. எனக்கு எழுத வேற ஆள் இல்ல." அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் வருகிறவர்களிடம் அந்தப் பழைய வாசகத்தைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். கேட்கிறவர்களிடம், "எங்க நோட்டம்மா தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ற ஆளு," என்று சொல்லத் தொடங்கினார். அது முன்னதைவிடப் பெரிய பாராட்டு என்று நோட்டம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அவள் எல்லாப் படங்களையும் புது நோட்டில் ஏற்றினாள். வரையத் தெரியாது, ஆனாலும் வரைந்தாள். கவைக்கொம்பு, சூரியன், பூனை. ஒரு நாள் புது டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பூனை சும்மாதான்னு சொல்லிட்டாரே. அதையும் ஏன்க்கா வரைஞ்சீங்க?"

"இருக்கட்டும் டாக்டர். எது பூனை, எது கருப்பைன்னு நானா முடிவு பண்ணினது போதும்."

இருபத்தெட்டாம் நாள் ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்தது. சாம்பல் நிறத்துக்கு நடுவில் ஒரு வெளிச்சப்புள்ளி அணைந்து அணைந்து எரிந்தது. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "இளங்குதிரைக்கு அந்தப் பக்கம் புதுசா ரெண்டு அறை கட்டிடலாம்," என்று கொழுந்தனிடம் சொன்னார். "பெரியக்கா இருக்கற இடத்துலயே இருக்கட்டும்." கொழுந்தன் சரிங்கய்யா என்றான். அவர் போன பிறகு தோழனின் அறைக்குப் போய், நெடுநேரம் அவனுக்கு உடம்பு தேய்த்துவிட்டான். சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே.

பதினோரு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில், வைக்கோல் மெத்தையில் பெரியக்கா தன் எட்டாவது குட்டியை ஈன்றாள். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று. பெண்குட்டி. நோட்டம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். முப்பத்தேழு நிமிடத்தில் எழுந்து நின்றது. நாலு காலும் நாலு பக்கம் போக, விழுந்து மறுபடியும் எழுந்தது. ஒரு மணி இருபது நிமிடத்தில் பால் குடித்தது. கொழுந்தன் துணியோடு நின்றுகொண்டு, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயை அடைத்த காரியம் வாழ்நாளில் அது ஒன்றுதான் என்று நோட்டம்மா பிறகு சொல்வாள்.

ஒரு வாரத்தில் அந்தக் குட்டியை மேய்ச்சல் வெளியில் விட்டார்கள். தாயின் நிழலில் நாலு எட்டு நடந்தது. திடீரென்று பின்னங்காலை உதறி, வேலிவரை ஒரே பாய்ச்சல். முதலாளி தடியை விட்டுவிட்டுக் கை தட்டினார்.

"என்னடா இது, இந்தப் பாய்ச்சல் பாயுது! இதுக்கு என்ன பேரு வச்சிருக்கே?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி நோட்டைப் பார்த்தாள்.

"உண்டிவில்லுங்கய்யா," என்றாள். பெயரை எழுதி, பக்கத்தில் அதன் படத்தையும் போட்டாள்.